ஆர்.வி. ஃபர்னஸ் விசிறியில் சத்தமா? எண்ணெய்க் குப்பியைப் பிறகு எடுக்கலாம்

ஆர்.வி. என்பது தங்கிப் பயணிக்கும் வீட்டுவண்டி; குளிரில் அதன் உள்ளே சூடேற்றுவது ஃபர்னஸ். அந்த ஃபர்னஸ் விசிறி கீச்சிட ஆரம்பித்தால் கை தானாக எண்ணெய் ஸ்ப்ரேயைத் தேடும். வெளிச்சுவரில் தெரியும் புகைத்துளை வழியாக நாலு முறை அடித்தால் சில சமயம் சத்தம் அடங்கியும் போகும். ஆனால் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும். அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. அந்த எண்ணெயில் பெரும்பகுதி பேரிங்குக்கு (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) போகாமல் எரி அறைக்குப் போகிறது. விசிறி சத்தம் போட ஆறேழு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் எண்ணெய் விட்டுத் தீர்வது ஒன்றே ஒன்றுதான். அதனால் முதலில் எந்தச் சத்தம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பாதி வண்டிகளில் ஃபர்னஸை வெளியே இழுக்கும் வேலையே அதோடு மிச்சமாகிவிடும்.

வண்டிகளில் பரவலாக இருக்கும் புரொப்பேன் ஃபர்னஸ்களில், சபர்பன் நிறுவனத்தின் தயாரிப்பு ஆனாலும் அட்வுட் (2014-இல் டொமெட்டிக் நிறுவனத்தின் வசம் போனது) தயாரிப்பு ஆனாலும், உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் ஒரு 12 வோல்ட் டி.சி. மோட்டார். அதன் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனையில் பெரிய சக்கரம். அது வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்து, உள்ளே நெருப்பு எரியும் சூடான உலோகக் கூடான ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல் ஓடவிட்டு, டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் சின்னச் சக்கரம் வெளிக்காற்றை எரி அறைக்குள் தள்ளிப் புகையை வெளியே துரத்துகிறது. இந்த இரண்டு காற்றும் எங்கேயும் கலக்கக் கூடாது. விசிறியைக் கழற்றும்போது இரண்டையும் பிரிக்கும் தடுப்பையும் சேர்த்தே கழற்றுகிறோம். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் (இணைப்பில் இடைவெளியை அடைக்கும் பட்டை) சரியாக உட்காராவிட்டால் தூங்குகிற இடத்துக்குக் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரும். வேலை செய்கிற கார்பன் மோனாக்சைடு அலாரம் வண்டியில் இல்லையென்றால் அதை வாங்கி மாட்டிய பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

காதால் பிரிப்பது

சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, தெர்மோஸ்டாட்டில் (வெப்பநிலைக் கட்டுப்பாடு) வெப்ப அளவை ஏற்றுங்கள். விசிறி மட்டும் ஓடும். கால் நிமிடம் போல ஓடியபின் இக்னைட்டர் டிக் டிக் என்று பொறி அடித்துப் பார்க்கும். கேஸ் இல்லாததால் சில முயற்சிக்குப் பிறகு ஃபர்னஸின் மின்கட்டுப்பாட்டு போர்டு மேற்கொண்டு முயலாமல் நிறுத்திக்கொள்ளும். அதில் தவறில்லை, தெர்மோஸ்டாட்டை அணைத்துப் போட்டால் மறுபடி தொடங்கும். இப்படித் தனியாக ஓடும்போது சத்தம் இல்லாமல், நெருப்புப் பிடித்த பிறகு மட்டும் உறுமலோ 'பொட்' என்ற வெடிப்போ வந்தால் குற்றம் விசிறியில் இல்லை. பர்னர், ஆரிஃபிஸ் (கேஸ் வரும் சின்னத் துளை), கேஸ் அழுத்தம் இவற்றில் ஒன்று. இந்த ஃபர்னஸ்களுக்கு வேண்டிய கேஸ் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம். அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டர் இல்லாமல் ரெகுலேட்டரைத் திருகாதீர்கள்.

அடுத்து, விசிறி நிற்கும் தருணத்தைக் கவனியுங்கள். வெப்பம் போதும் என்று தெர்மோஸ்டாட் விட்ட பிறகும் மிச்சச் சூட்டை வெளியேற்ற விசிறி கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். மின்சாரம் அறுந்ததும் சக்கரம் தன் வேகத்தில் சுழன்று அடங்குகிறதே, அந்தச் சில விநாடிதான் நிறையச் சொல்லும். சத்தம் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் உரசல், குப்பை, பேரிங், சமநிலை என்று இயந்திரக் குற்றம். மின்சாரம் போன நொடியே சத்தமும் போய்விட்டால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் பிரஷ் (கரித்துண்டு), அது உரசும் கம்யூட்டேட்டர் வளையம் பக்கம் பாருங்கள். சுழன்று அடங்காமல் சட்டென்று நின்றால் பேரிங் இறுகிவிட்டது.

குளிரில் முதன்முதலாகக் கிளம்பும்போது கீச்சென்று கத்தி, ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளைய வடிவப் பேரிங்) வறண்டிருக்கிறது. எண்ணெய் கேட்கும் சத்தம் இது ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'சரக் சரக்' என்றால் சக்கரம் உறையில் எங்கோ தொடுகிறது. ஃபர்னஸ் முகப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள், சத்தம் மாறும். கடகடவென்று ஒழுங்கில்லாமல் வந்தால் உள்ளே ஏதோ கிடக்கிறது: குளவி கட்டிய மண், எலி கொண்டுவந்த விதை, கழன்று விழுந்த ஸ்க்ரூ. தரையே அதிர்கிற மாதிரி உறுமினால் சமநிலை போயிருக்கிறது; ஒரு பக்கமாகப் படிந்த பஞ்சோ உடைந்த இதழோ காரணமாக இருக்கும்.

இரண்டு சத்தங்கள் ஆளை ஏமாற்றும். விசிறி வழக்கத்தைவிட வேகமாக, உயர்ந்த சுருதியில் இரைந்தால் மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். உண்மையில் காற்று அடைபட்டிருக்கிறது. வாக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் அது எப்படி வீறிடுமோ அதே கதை. தள்ளுவதற்குக் காற்று கிடைக்காத சக்கரத்துக்குப் பாரம் குறையும், வேகம் கூடும், ஆம்பியர் இறங்கும். இதற்கு நேர்மாறு, சோம்பலான தாழ்ந்த உறுமல். அது பெரும்பாலும் வோல்டேஜ் பற்றாக்குறை.

கழற்றாமலே பார்க்க வேண்டியவை

விசிறி ஓடும்போதே ஃபர்னஸின் மின் இணைப்பில் மல்ட்டிமீட்டர் வைத்து அளந்து, பேட்டரி முனையிலும் அளந்து ஒப்பிடுங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாக 10.5 முதல் 13.5 வோல்ட் வரை என்று எழுதியிருப்பார்கள். 10.5 என்பது விளிம்பு; அங்கே விசிறி ஓடும், ஆனால் காற்றின் தள்ளலால் மூட வேண்டிய செயில் சுவிட்ச் மூடாமல் நெருப்பே வராமல் போகலாம். பேட்டரிக்கும் ஃபர்னஸுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் மோட்டாரைக் குறை சொல்வதில் பயனில்லை. சேசிஸில் இறங்கும் எர்த் இணைப்பு, துருப்பிடித்த ஃபியூஸ் ஹோல்டர், தளர்ந்த கிரிம்ப் (ஒயர் முனையில் நசுக்கிப் பிடித்த இணைப்பு) என்று தேடுங்கள். ஃபர்னஸ் அளவைப் பொறுத்து இந்த மோட்டார்கள் ஏறக்குறைய 3 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும்; அவ்வளவு கரன்ட் ஓடும் பாதையில் ஒரு மோசமான இணைப்பு போதும்.

பிறகு, உள்ளே காற்று இழுக்கும் கிரில். அதன் முன்னால் பெட்டி, பை, காலணி எதுவும் இருக்கக் கூடாது. டக்ட் நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், முக்கியமாக கட்டிலுக்கு அடியில் சாமான் திணிக்கும் இடத்தில். ஃபர்னஸின் குறிப்பேட்டில் குறைந்தது இத்தனை டக்ட் திறந்திருக்க வேண்டும் என்று இருக்கும். ஆள் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று சூடான காற்று வரும் வென்ட்களை மூடுவது பலரிடம் உள்ள பழக்கம். அப்படி மூடினால் இரைச்சலும் கூடும், சூடு மிஞ்சினால் நெருப்பை நிறுத்தும் ஹை லிமிட் சுவிட்சும் அடிக்கடி துண்டிக்கும். ஃபர்னஸைத் தரையோடு பிடிக்கும் ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சாலை அதிர்வில் அவை தளர்வது சகஜம். வெளியே புகைத்துளைக்குள் டார்ச் அடித்தால் குளவிக்கூடு கண்ணில் படலாம். இவ்வளவும் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால் கழற்ற வேண்டியதுதான்.

வெளியே இழுப்பது

சிலிண்டரை மூடி, அடுப்பைப் பற்றவைத்து அது தானாக அணையும்வரை விட்டால் குழாயில் மிச்சம் இருக்கும் கேஸ் தீர்ந்துவிடும். வெளி மின் இணைப்பைப் பிடுங்குங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கூரையில் சோலார் இருந்தால் பேனல் பக்கத்தை முதலில் துண்டித்துவிட்டுப் பிறகு பேட்டரியைக் கழற்றுவது நல்லது. பேட்டரி இல்லாத நிலையில் பேனல் மட்டும் இணைந்திருப்பது பல கன்ட்ரோலர்களுக்கு ஆகாது. ஃபர்னஸ் சற்றுமுன் ஓடியிருந்தால் அரை மணி நேரமாவது ஆறட்டும்.

வெளிக்கதவு வைத்த மாதிரிகளில் எல்லாம் வெளியிலிருந்தே வரும். மற்றவற்றில் உள்பக்க முகப்பைக் கழற்றி, வெளியே புகைக்குழாயை எடுத்துவிட்டு, மையப்பகுதியை உள்பக்கமாக இழுக்க வேண்டும். புகைக்குழாயின் ஸ்க்ரூக்களை எடுத்த பிறகும் நீர் புகாமல் ஒட்டியிருக்கும் பழைய பியூட்டைல் டேப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் வெளிச்சுவர் வளையும். மெதுவாகத் திருகித் திருகி இழுத்தால் வந்துவிடும். கேஸ் குழாயின் விரிந்த முனையைப் பிடிக்கும் ஃபிளேர் நட்டுக்கு இரண்டு ஸ்பானர் வேண்டும்: ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஒரே ஸ்பானரால் முறுக்கினால் செப்புக் குழாய் நெளியும், இல்லையென்றால் கேஸ் வால்வின் உடல் திரும்பிவிடும். திறந்த குழாய் முனைக்கு மூடி போட்டுவிடுங்கள்.

ஒயர்களைப் பிடுங்கும் முன் போட்டோ எடுங்கள், ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரில் எது பாசிட்டிவ் என்பது பிறகு மிக முக்கியமாகும். தகட்டு விளிம்புகள் பிளேடு மாதிரி இருக்கும்; கையுறை இல்லாமல் கை வைக்காதீர்கள்.

சின்னச் சக்கரம்: பொறுமை வேண்டிய இடம்

உறையைத் திறக்கப் பெரும்பாலும் 1/4 அங்குலமும் 5/16 அங்குலமும் நட் டிரைவர் போதும். சக்கரங்களை எடுப்பதற்கு முன் ஒரு வேலை: மோட்டார் முகத்திலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் ஹப் (ஷாஃப்ட்டில் ஏறும் நடுப்பகுதி) வரைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டில் மார்க்கரால் கோடும் போடுங்கள். ஆனால் 'சரக் சரக்' சத்தத்தோடு வந்த ஃபர்னஸ் என்றால் இந்த அளவை நம்ப முடியாது. சக்கரம் ஏற்கெனவே நகர்ந்திருக்கும். சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிடிக்கும் செட் ஸ்க்ரூ கடித்த பழைய தழும்பு ஷாஃப்ட்டில் தனியாகத் தெரியும். அதுதான் சக்கரத்தின் சரியான இடம்.

எரி அறைப் பக்கச் சக்கரம்தான் படுத்தும். அது வெளி ஈரத்தையே சுவாசித்துக்கொண்டிருப்பதால் ஹப்பும் ஷாஃப்ட்டும் துருவில் ஒன்றாகியிருக்கும். துருநீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அலன் கீ அங்குல அளவில் இருக்க வேண்டும்; 'கிட்டத்தட்ட பொருந்துகிறது' என்று மில்லிமீட்டர் கீயைப் போட்டால் ஸ்க்ரூவின் வாய் வழுக்கிவிடும், அப்புறம் டிரில்லிங்தான். ஸ்க்ரூ கழன்ற பிறகும் சக்கரம் அசையாமல் இருந்தால் காரணம் துரு மட்டுமாக இருக்காது. இறுக்கியபோது ஸ்க்ரூ நுனி ஷாஃப்ட்டில் ஒரு சின்னப் பள்ளம் தோண்டி, அதன் விளிம்பில் உலோகத்தை மேலே தள்ளியிருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் பிசிறில்தான் ஹப் மாட்டிக்கொள்கிறது. இழுப்பதற்குப் பதில் சக்கரத்தை முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், வெளியே தெரியும் ஷாஃப்ட்டை எமரி தாளால் பளபளவென்று தேய்த்துப் பிசிறை அரத்தால் எடுங்கள், பிறகு இழுங்கள். அப்படியும் வராவிட்டால் ஹப்பைப் பிடித்து இழுக்கும் சின்ன புல்லர் கருவி வேண்டும். இதழ்களையோ விளிம்பையோ நெம்பக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் சக்கரம் ஆடும். சத்தத்தைத் தீர்க்க வந்து புதுச் சத்தம் உண்டாக்கியதாகும்.

சுத்தம் செய்வதில் எச்சரிக்கை ஒன்றுதான். சில சக்கரங்களில் ஏதாவது ஒரு இதழில் சின்ன உலோகக் கிளிப் செருகியிருக்கும். பழைய குப்பை மாதிரிதான் தெரியும். அது தொழிற்சாலையில் சமநிலைக்காகப் போட்ட எடை, தொடாதீர்கள். பெரிய சக்கரத்தின் இதழ்களில் குழிந்த பக்கத்தில்தான் நாய் முடியும் பஞ்சும் அப்பிக்கொள்ளும். பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாக எடுங்கள். பாதி இதழைச் சுத்தம் செய்து பாதியை விட்டால் முன்பு இருந்ததைவிட அதிகம் அதிரும். சக்கரத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், மோட்டாரைக் கழுவக் கூடாது. குளவி மண்ணை மரக்குச்சியால் உடைத்து எடுத்துவிடுங்கள்.

கையோடு செயில் சுவிட்சையும் பாருங்கள். மெல்லிய தகட்டு இறக்கை ஒன்று காற்றோட்டத்தில் தொங்கும். அதில் ஒரு முடி சுற்றியிருந்தாலே ஃபர்னஸ் பற்றாது.

எண்ணெயா, புது மோட்டாரா?

சக்கரங்கள் இல்லாத மோட்டாரை மேசையில் வைத்து ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசையுங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. முன்பின்னாகக் கொஞ்சம் நகர்வது இயல்பு. கையால் சுழற்றும்போது பிரஷ்ஷின் மெல்லிய தடை இருக்கலாம். மணல் அரைபடுவது போல இருந்தால் மோட்டாரை மாற்ற வேண்டும்.

ஆட்டம் இல்லை, வறட்சி மட்டும்தான் என்றால் எண்ணெய் வேலை செய்யும். இந்த மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது பொடி வெண்கலத்தை அழுத்திச் சுட்டு எடுத்த புஷ். அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். ஷாஃப்ட் சுழன்று சூடாகும்போது கசிந்து, ஆறும்போது திரும்ப உள்ளே போகும். துருநீக்கும் ஸ்ப்ரே அந்த எண்ணெயையே கரைத்து வெளியேற்றிவிட்டு, தானும் காய்ந்துபோகும். ஸ்ப்ரே அடித்த மோட்டார் சில நாள் அமைதியாக இருந்துவிட்டு முன்னைவிட அதிகமாகக் கத்துவது இதனால்தான். கிரீஸ் துளைக்குள் இறங்காது, வாயை அடைத்துவிடும். கார் இன்ஜின் ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் இங்கே வேண்டாதது. வேண்டியது, மின்மோட்டாருக்கென்று விற்கும் டிடர்ஜென்ட் இல்லாத எஸ்.ஏ.இ. 20 எண்ணெய். மோட்டாரை நிமிர்த்தி வைத்து, ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டு. கால் மணி நேரம் ஊறவிட்டு, அவ்வப்போது ஷாஃப்ட்டைச் சுழற்றுங்கள். துடைத்துவிட்டுக் கவிழ்த்து மறுபக்கமும் அப்படியே. அதற்கு மேல் விட்டால் எண்ணெய் கம்யூட்டேட்டருக்கு இறங்கி, பிரஷ்ஷின் கரித்தூளோடு குழைந்து பசையாகிவிடும்.

மோட்டார் மாற்றுவதென்றால் ஃபர்னஸ் மாதிரி எண்ணை மட்டும் வைத்து வாங்காதீர்கள். மோட்டாரிலேயே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஷாஃப்ட்டின் விட்டம், இரண்டு பக்க நீளம், சுழலும் திசை, ஆம்பியர் நான்கும் பொருந்த வேண்டும். திசை எந்த முனையிலிருந்து பார்த்துச் சொல்லப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

மாட்டுவது

முதலில் வெளியிலேயே ஓட்டிப் பாருங்கள். நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேரடி இணைப்பு. மோட்டாரைப் பிடியில் இறுக்கி வையுங்கள். கிளம்பும் உதறலில் மேசையிலிருந்து குதித்துவிடும். பெரிய சக்கரத்தை உறை இல்லாமல் ஓட்டினால் லேபிளில் உள்ளதைவிட அதிக ஆம்பியர் காட்டும், பயப்பட வேண்டாம். காற்றைக் கட்டுப்பாடில்லாமல் அள்ளுவதால் பாரம் கூடுகிறது, அவ்வளவுதான்.

செட் ஸ்க்ரூ ஷாஃப்ட்டின் தட்டையான பகுதியில் நேராக இறங்க வேண்டும். உருண்டை பக்கத்தில் இறுக்கினால் கொஞ்ச காலம் பிடிக்கும், பிறகு நழுவி உறையில் உரசும். சக்கரத்துக்கும் உறைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டை விட்டு, முழுச் சுற்று கையால் சுழற்றுங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது.

எரி அறைப் பக்கக் கேஸ்கெட்டைப் பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பப் போடாதீர்கள். அந்த மாதிரிக்கான புதியதைப் போட்டு, எதிரெதிர் ஸ்க்ரூவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சம அளவில் இறுக்குங்கள். கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கோன் அப்புவது குறுக்கு வழி. திறந்திருக்கும்போதே ஹீட் எக்ஸ்சேஞ்சரை டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். வெடிப்போ துருத்துளையோ கண்ணில் பட்டால் வேலை அங்கேயே நிற்க வேண்டும், அதை மாற்றாமல் ஃபர்னஸை ஓட்டக் கூடாது.

ஒயர்களை மாற்றிப் போட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். இதில் ஏமாறுவது எளிது, ஏனென்றால் இந்த வகைச் சக்கரம் எதிராகச் சுழன்றாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், பலவீனமாக வரும். விசிறி ஓடுகிறது, காற்று வருகிறது, நெருப்பு மட்டும் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கேஸ் ஃபிளேர் இணைப்புக்கு டேப்போ பேஸ்ட்டோ வேண்டாம்; உலோகம் உலோகத்தில் உட்கார்ந்து அடைப்பது அது. இறுக்கிய பின் சோப்பு நுரை பூசி ஓரிரு நிமிடம் பாருங்கள். புகைக்குழாய் உள்ளே இருக்கும் காலரில் முழுமையாக ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும், வெளிவிளிம்புக்குப் புது பியூட்டைல் டேப்.

முதல் ஓட்டம் கேஸ் மூடியே இருக்கட்டும், சத்தத்தை மட்டும் கேளுங்கள். பிறகு வால்வைத் திறந்தால் குழாயில் காற்று இருப்பதால் முதல் முயற்சியில் பற்றாமல் போகலாம். பற்றிய பின் முழுச் சுற்று இரண்டு மூன்று ஓடவிட்டு, ஒவ்வொரு வென்ட்டிலும் கை வைத்துப் பாருங்கள்.

குளவி மறுபடி வராமலிருக்கப் புகைத்துளைக்குக் கம்பிவலை போடலாமா என்றால், விற்பனையில் இருப்பது உண்மை. ஆனால் வலையில் தூசி படிந்து புகை அடைபடும் என்பதால் ஃபர்னஸ் குறிப்பேட்டிலேயே வேண்டாம் என்று எழுதியிருப்பவர்கள் உண்டு. வண்டி நிறுத்தியிருக்கும் மாதங்களில் மட்டும் துளையை டேப்பால் மூடி, தெர்மோஸ்டாட்டின் மேல் 'வெளியே மூடியிருக்கிறது' என்று சீட்டு ஒட்டிவிடுவது நல்லது.

புது மோட்டார் முதல் சில மணி நேரம் மெல்லிய உரசலோடு ஓடும், லேசான வாடையும் வரலாம். பிரஷ் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்துகொண்டிருக்கிறது. நாளாக ஆகக் குறைய வேண்டிய அந்த உரசல் கூடிக்கொண்டே போனால் ஃபர்னஸை மறுபடி திறந்து சக்கரத்தின் செட் ஸ்க்ரூவைப் பாருங்கள்.